டெக் ஸ்டெயினின் திணை: ஒரு விசாரணை

வீட்டின் பின்வளவில் மரப்பலகை அடித்து டெக் கட்டுவதும், அதற்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஸ்டெயின் என்னும் மென்சாயம் அடிப்பதும் வட அமெரிக்க வழக்கம். இவ்வொழுக்கம் ஐந்திணையுள் எதன்பாற்படும் என்று இதுவரை ஒருவரும் முறைப்படி கேட்டதாகத் தெரியவில்லை. கனடாவின் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இத்தனை தமிழர் டெக்கும் கையுமாக வாழ்ந்தும் இக்குறை நீடிப்பது வியப்பே. அதைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் முதற்பொருள். நிலம், பின்வளவு. பெரும்பொழுது, மே மாதத்து விக்டோரியா தின நீள் வாரவிறுதியில் தொடங்கி அக்டோபர் குளிரில் முடிவது. பெரும்பாலான ஸ்டெயின் டப்பாக்கள் 10 பாகைக்குக் குறையாத, 32 பாகைக்கு மேற்படாத வெப்பநிலையை விதிக்கின்றன. கனடாவில் இதுவே ஆண்டின் பாதியைத் தள்ளுபடி செய்துவிடும். கருப்பொருளில் விலங்கு ரக்கூன். பறை, பவர் வாஷரின் இரைச்சல். பறையை ஓங்கி முழக்கினால் மரத்தின் நார் கிளம்பிப் பலகை மயிர் முளைத்தாற்போல் ஆகிவிடும் என்பதால், தாழ்ந்த அழுத்தமே இத்திணைக்கு உரியது.

சிக்கல் உரிப்பொருளில்தான்.

மருதம் என்பார் ஒரு சாரார். நிறம் தேர்வதில் எழும் ஊடலே அவர்களுக்குச் சான்று. கடையில் சீடர், ரெட்வுட், வால்நட் என்று சிறு அட்டைகள் தருகிறார்கள். அட்டையில் ஒரு நிறம், பலகையில் வேறொரு நிறம். இது கடைக்காரர் குற்றமன்று. உள்ளிருக்கும் மரம் தெரியவேண்டும் என்பதற்காகவே மென்சாயம் வாங்குகிறோம். ஆகவே மரத்தின் நிறமும் சேர்ந்துதான் தெரியும். காப்பு மருந்து ஏற்றிய பைன் பலகையில் செம்பு உப்பின் பச்சை வேறு இருக்கும். (முன்பு இம்மருந்தில் ஆர்செனிக்கும் இருந்தது. வீட்டு உபயோகப் பலகைகளுக்கு அதை இடும் வழக்கம் 2003 முடிவோடு கனடாவிலும் அமெரிக்காவிலும் நின்றது.) இவ்வேதியியலைத் தலைவன் எடுத்துரைத்தாலும் ஊடல் தணிவதில்லை. “இஞ்சருங்கோ, சீடர் எண்டுதானே சொன்னனீங்கள்? முழுக்கச் செம்மஞ்சளாக் கிடக்கு” என்பது தலைவி கூற்று.

பாலை என்பாரும் உளர். ஒரு தூரிகை வாங்கப் போன தலைவன் இருட்டிய பின் மீள்வதே அவர்தம் ஆதாரம். இரண்டு தூரிகை, ஒரு புல்வெட்டி, பாதி விலையில் ஒரு குடை என்று பொருள்வயிற் பிரிவு முறையாக நிகழ்ந்திருந்தாலும், இதற்கு ஸ்டெயின் தேவையில்லை, கடை போதும். ஆதலின் தள்ளுக. பூசிய கையோடு பெய்த மழைக்கு இரங்குவதைக் காட்டி நெய்தல் என்பவர்களுக்கு நம் அனுதாபம் உண்டு, உடன்பாடு இல்லை.

எம் முடிபு முல்லை. முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது ஆற்றியிருத்தல். ஸ்டெயின் அடிப்பதில் அடிப்பது சிறுபகுதி, மீதியெல்லாம் காத்திருப்பு. மருந்தேற்றிய புதுப்பலகை ஆலையிலிருந்து வருகையில் உள்ளே ஈரமாயிருக்கும். அது காயக் காத்திருக்கவேண்டும். காய்ந்ததா என்றறியச் சில துளி நீர் தெளிப்பர். சேம்பிலையில் நிற்பதுபோல் துளி திரண்டு நின்றால் இன்னும் காலம் வரவில்லை; மரம் குடித்துவிட்டால் வந்தது. பழைய டெக்கென்றால் சோடியம் பெர்கார்பனேட் கரைசலால் கழுவி, ஆணியைச் சுற்றிய கருங்கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம் இட்டு அலசி, மறுபடி இரண்டு நாளாவது காயவிடவேண்டும். பிறகு மழையில்லாத நாளுக்கு வானிலை அறிக்கையைப் பார்த்திருத்தல். பூசிய பின்னும் ஒரு நாள், இரண்டு நாள் யாரும் கால் வைக்கலாகாது. கதவுக்கு இப்பால் நின்று சொந்த டெக்கைக் கண்ணாடிவழி நோக்கும் அந்நிலைக்கு ஆற்றியிருத்தல் என்றல்லாது வேறு பெயர் இல்லை.

அற்றேல், முல்லையில் தலைவி கார்காலம் வரக் காத்திருப்பாள், இங்கே மழை வராதிருக்கவன்றோ காத்திருக்கிறோம் எனின், அறியாது கடாவினாய். பெரும்பொழுது திரிந்தாலும் சிறுபொழுது பொருந்துகிறது. நேர்வெயிலில் பூசினால் எண்ணெய் மரத்துள் இறங்குமுன் மேலேயே காய்ந்து திட்டுத்திட்டாய் நிற்கும். எனவே வெயில் தாழ்ந்த மாலையே பூசுவதற்கு நன்று. முல்லைக்குச் சிறுபொழுது மாலை. இதற்குமேல் சான்று கேட்பவரோடு நாம் வாதிடுவதில்லை.

விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் 1910 முதல் இயங்கும் அமெரிக்க அரசின் மரப்பொருள் ஆய்வகமும் ஒருவகையில் நம் கட்சியே. பூசியதும் பூசாததுமான பலகைகளை ஆண்டுக்கணக்கில் வெயில் மழையில் கிடத்தி, என்ன ஆகிறது என்று பார்த்திருப்பது அவர்கள் தொழில்களுள் ஒன்று. சூரியனின் புறஊதாக் கதிர் மரநாரைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைக்கிறது; சிதைந்ததை மழை கழுவிவிடுகிறது; எஞ்சுவது அந்த நரைத்த சாம்பல் நிறம். புதுப்பலகை சில வாரம் வெறுமனே வெயில் தின்றாலே பூச்சின் பிடிமானம் குறைகிறது என்றும் அங்கே கண்டார்கள். ஆக, ஈரம் போகும்வரை இருக்கவேண்டும், நரைக்கும்வரை இருக்கலாகாது. ‘ஒரு வருசம் போகட்டும், பிறகு அடிக்கலாம்’ என்பது இருத்தல் அன்று, சோம்பல்.

கிராதிக் கம்பிகளைப் பற்றித் தனி நூலே எழுதலாம். தரை அகலம், தூரிகை ஓடும். கிராதியோ கம்பிக்கு நான்கு முகம், ஒவ்வொன்றிலும் ஒழுகல். திணைக்கோட்பாட்டில் இதற்கு இடமில்லை. இடும்பைக்கும் ஓர் இலக்கணம் இருந்திருந்தால் அதிற் சேர்த்திருக்கலாம்.

விளையாட்டுக்கு அப்பாற்பட்டது ஒன்று உண்டு. ஆளிவிதை எண்ணெய் கலந்த ஸ்டெயினைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடேறித் தானே தீப்பற்றும். 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவின் ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது இத்தகைய துணிகளால்தான். தீயணைப்பு வீரர் மூவர் மாண்டனர். துணியை வெளியே விரித்துக் காயவிடுக, அல்லது தகர டப்பாவில் நீரிட்டு மூடுக.

இறுதியாக ஒரு புறனடை. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகையில் டெக் கட்டிக்கொண்டவர் ஐந்திணைக்குப் புறத்தார். அவரது பலகை ஸ்டெயின் கேட்பதில்லை. அவர் என்னதான் அன்பு காட்டினாலும் மறுமொழி இராது. இதைக் கைக்கிளை எனக் கொள்க. ஆயினும் அகப்பாட்டில் அவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. கையில் தேநீரோடு வேலிக்கு அப்பால் நின்று அவர் சொல்வது கண்டோர் கூற்று:

“என்ன அண்ணை, இன்னும் காயேல்லையோ?”