பெயரில் என்ன வட்டம்?

அமெரிக்காவின் அயோவா மாநில செனட்டர் சக் கிராஸ்லி விவசாயி. ஊரெல்லாம் மக்காச்சோளம், அதனால் அதிலிருந்து எடுக்கும் எத்தனால் என்றால் வரிந்துகட்டுவார். நம் மாநிலங்களவைக்கு அந்த மண்வாசனைத் தொல்லை கிடையாது. அசாம் உறுப்பினராக இருக்க மன்மோகன் சிங் குவாஹாட்டியில் ஒரு வாடகை முகவரியாவது வைத்திருந்தார். உறுப்பினர் அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 2003-இல் சட்டம் திருத்தித் தள்ளுபடி செய்தார்கள். 2006-இல் உச்ச நீதிமன்றமும் தலையாட்டியது. மத்தியப் பிரதேசத்தில், 2011 கணக்குப்படி, நூற்றுக்கு 72 பேர் கிராமவாசிகள்; சோயா விதைக்கிறவர்கள். அவர்களுக்காக அவையில் இருப்பவர்களில் ஒருவர் நம் நாமக்கல் சீமை எல். முருகன். சோயாவுக்கும் முட்டைக்கோழிக்கும் தீவன உறவு உண்டுதான், மறுக்கவில்லை!

மாநிலங்களவை என்ற பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. டெல்லியில் எம்.பி. குடியிருப்புகளுக்கு எட்டும் தூரத்திலுள்ள கோல் மார்க்கெட்டும் அப்படியே. பெயரின் பொருள் வட்டச் சந்தை. கட்டடத்துக்குப் பன்னிரண்டு பக்கம்.