சிவப்பு மை ஆட்சி

முழங்கால் வலிக்குப் பத்து நாள் படுத்தே இருக்கச் சொன்னார் டாக்டர். அந்தப் பத்து நாளில் நான் சீனச் சக்கரவர்த்தி ஆகிவிட்டேன்.

எல்லாம் 'யோங்செங் வம்சம்' செய்த வேலை. 1999இல் சீன அரசுத் தொலைக்காட்சியில் வந்த 44 பகுதித் தொடர். இயக்கியவர் ஹூ மெய் என்ற பெண்மணி. சப்டைட்டில் ஓடுகிற ஓட்டத்தில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மீதியை யோங்செங்காக நடித்த டாங் குவோசியாங்கின் முகத்தில் படித்துக்கொண்டேன். அந்த முகத்தில் படிக்கவும் அதிகம் இருக்காது. மனிதர் அசையவே மாட்டார்.

61 ஆண்டு அரசாண்ட காங்சிக்கு ஏகப்பட்ட பிள்ளைகள், ஒரே சிம்மாசனம். நாலாவது பிள்ளை யோங்செங்குக்கு அப்பா கொடுத்த வேலை, கஜானாவில் கடன் வாங்கியவர்களிடம் வசூல். வாங்கியவர்களில் சொந்தத் தம்பியும் உண்டு. அண்ணன் மானத்தை வாங்குவதற்கென்றே அந்தப் பத்தாவது இளவரசர், வீட்டுச் சாமான்களைத் தெருவில் பரப்பி விற்க உட்கார்ந்துவிடுவார். அப்போதும் அண்ணன் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது.

அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் ஆட்சியில் கஜானா இப்படித் திறந்து கிடக்கிறதே!

யோங்செங் ஆண்டது 1722 முதல் 1735 வரை. அதிகாரிகளின் ரகசியக் கடிதங்கள் பூட்டிய பெட்டிகளில் வரும். நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்து படித்து, ஓரத்தில் சிவப்பு மையில் பதில் எழுதுவார். சில பதில்கள் வந்த கடிதத்தைவிட நீளம். எனக்கு வருகிற ஒரே கடிதம் பால் கணக்கு நோட்டு. மகனின் பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் சிவப்புப் பேனா தேடி எடுத்து எழுதினேன்: '14ஆம் தேதி அரை லிட்டர் கூடுதல். விளக்கம் தேவை.'

காலையில் அதன் கீழே நீல மையில் இருந்தது: 'உங்க தங்கச்சி வந்திருந்தா. நாலு காபி.'

சரி, கருணை காட்டியது போதும். யோங்செங் எட்டாவது, ஒன்பதாவது தம்பிகளை அரச வம்சப் பட்டியலிலிருந்தே நீக்கினார், பெயரைக்கூட மாற்றவைத்தார், சிறையில் தள்ளினார். இருவரும் 1726இல் செத்தே போனார்கள். சிங்ஹாயில் போரை ஜெயித்துக் கொடுத்த தளபதி நியான் கெங்யாவுக்குக் கிடைத்த பரிசு, தற்கொலை செய்துகொள்ளும்படி ஓர் ஆணை. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வந்த மகனிடம், "என் போனில் உன் பேரை எடுத்துவிட்டு 'ஒன்பதாவது இளவரசர்' என்று போட்டிருக்கிறேன்" என்றேன்.

"பரவால்லப்பா. என் போன்ல நீங்க ரொம்ப நாளா 'ஓடிபி'ன்னுதான் இருக்கீங்க."

மிச்சம் இருந்தவன் மைத்துனன். மூணு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய பன்னிரண்டாயிரம். குரலை இறக்கி, சக்கரவர்த்தி மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினேன்.

"அத்தான், தொண்டை கட்டியிருக்கா? அந்தப் பணத்தை அக்காகிட்ட அப்பவே கொடுத்துட்டேனே!"

சமையலறையில் தாளிக்கிற சத்தம் நின்றது.

அடுத்த வாரிசின் பெயரை எழுதி, பெட்டியில் வைத்து, சியான்சிங் மாளிகையில் சிம்மாசனத்துக்கு மேலே தொங்கும் பலகைக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் முறையைக் கொண்டுவந்தவர் யோங்செங். என் மனைவி அந்தத் தொடரை ஒரு பகுதிகூடப் பார்த்தவளில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, பெருமாள் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். பன்னிரண்டாயிரம் என் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்குப் போயிருந்தது. அதற்குக் கீழே என் கைமாற்றுகள், தேதிவாரியாக: அவள் சீட்டுப் பணம், மகனின் முதல் சம்பளத்தில் ஐயாயிரம், போன தீபாவளிக்கு அவள் அம்மா கொடுத்தது. கூட்டல்: 37,400. அடியில் இரண்டு கோடு.

சிவப்புப் பேனா இன்னும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. மூடியைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்காரர் வந்தார். நான் நொண்டியபடி வாசலில் சாமான்களைப் பரப்பினேன். ஓடாத டேபிள் ஃபேன், டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போன காலத்து ப்ரீஃப்கேஸ், பதினோரு நாள் மிதித்த எக்சர்சைஸ் சைக்கிள். எதிர்வீட்டுக்காரர் கேட் வரை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"சைக்கிளுக்கு அறுநூறு சார்."

மனைவியைப் பார்த்தேன். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"எழுநூறு" என்றாள்.