அரை நாளில் ஆளாக்கும் கலை

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சியே தருவதில்லை என்று நம் பெரிய துணிக்கடைகள் மேல் பழி போடுகிறவர்கள் நாக்கு அழுகட்டும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறிக் காலையில் சென்னை வந்து இறங்குகிற பெண், மதியச் சாப்பாட்டுக்குள் சேல்ஸ்கேர்ள் ஆகிவிடுகிறாள். வேறு எந்தத் தொழிலில் இந்த வேகம் உண்டு?

வகுப்பறை, புத்தகம் என்று காசைக் கரியாக்குவதில்லை. ஃப்ளோர் சூப்பர்வைசர் வருவார். "கஸ்டமர் முன்னாடி உட்காரக் கூடாது. மூஞ்சி சிரிச்சாப்ல இருக்கணும்." பாடத்திட்டம் முடிந்தது. சேலையை ஒரே வீச்சில் விரிப்பது, முந்தானையை வெளிச்சத்தில் காட்டுவது, அறுபது சேலையை இறக்கச் சொல்லிவிட்டு "அப்புறமா வர்றோம்" என்று எழுந்து போகிற குடும்பத்தைச் சிரித்தபடி வழியனுப்பிவிட்டு அத்தனையையும் பழைய மடிப்பிலேயே அடுக்குவது, எல்லாம் பக்கத்தில் நிற்கிற அக்காவைப் பார்த்து வந்துவிடும். சொல்லிக்கொடுக்க அக்காவுக்குத் தனிச் சம்பளம் கிடையாது. வித்யா தானத்துக்குக் கூலி கொடுத்து அதன் புண்ணியத்தைக் கெடுக்க நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை.

சொல்லாமல் விடுவதில்தான் இவர்களின் கருணை தெரிகிறது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி என்கிறது 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம். சின்னப் பிள்ளை தலையில் இந்தக் கணக்கையெல்லாம் ஏற்றுவானேன்? பாலியல் தொல்லை நடந்தால் புகார் கொடுக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013இல் சட்டம் வந்தது. குழுவில் யார் யார் என்று முதல் நாளே சொன்னால் பயந்துவிட மாட்டாளா, பாவம்!

கேரளம் 2018இல் செய்ததைப் பின்பற்றி, ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடும் சட்டம் திருத்தியது. நம் கடைக்காரர்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். உடனே ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். அதில் உட்காரலாம் என்று சொல்லித்தர வேண்டும் எனச் சட்டத்தில் எழுதியிருக்கிறதா? மேலும், பிளவுஸ் பிட் பெட்டிகளை எங்கேதான் வைப்பது?

தி.நகரில் 2017 மே 31 அதிகாலை ஒரு துணிக்கடை தீப்பிடித்து எரிந்ததும், பிறகு அந்தக் கட்டடத்தையே இடித்ததும் ஊரே பார்த்த கதை. அதற்காக அவசரப் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று புதுப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட முடியுமா? ஆடித் தள்ளுபடிச் சரக்கு அங்கேதான் அடுக்கியிருக்கிறது. கால் பட்டால் கசங்கிவிடும்.

இவ்வளவு சிக்கனத்திலும் ஒரு பாடத்தை மட்டும் குறைவைக்காமல் நடத்துகிறார்கள். ராத்திரி கடையை விட்டுக் கிளம்பும்போது கைப்பையை எப்படித் திறந்து காட்டுவது, எந்த ஜிப்பை முதலில் இழுப்பது, டிபன் பாக்ஸ் மூடியை யார் எடுப்பது என்று வாசலில் செக்யூரிட்டி நின்று செய்முறையோடு விளக்குவார். இதற்கு மட்டும் தினமும் பரீட்சை உண்டு.