நகல் எடுக்கவும் ஓர் ஏஜென்ட்

வடிவமைப்பாளரின் வேலையைச் செயற்கை நுண்ணறிவு பறித்துவிடும் என்று அஞ்சியவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். இப்போதைக்கு அது பறித்திருப்பது நகலெடுக்கும் ‘கன்ட்ரோல் டி’ விசைகளின் வேலையைத்தான். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் செயற்கை நுண்ணறிவை வெளிச் செயலிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையை வெளியிட்ட பிறகு, ஃபிக்மா போன்ற வடிவமைப்புச் செயலிகளை, சொன்ன வேலையைத் தாமே செய்யும் ஏஜென்ட்டுகளின் கையில் கொடுக்கும் கருவிகள் பெருகிவிட்டன. எந்தப் பொத்தான், எந்த இடத்தில் என்று சொன்னால் போதும், நகல் தயார். நூறு கேட்டாலும் முகம் சுளிக்காது. சிக்கலே அந்தப் பணிவுதான். மூலத்தை மாற்றினால் பிரதிகளெல்லாம் தாமாக மாறும் வசதியை 1963-லேயே எம்ஐடியில் ஐவன் சதர்லாந்தின் ஸ்கெட்ச்பேட் என்ற வரைகலை நிரல் தந்துவிட்டது. ஃபிக்மாவின் காம்பொனென்ட்டும் அதே குலம்தான். வெறும் நகலுக்கோ அந்த உறவு கிடையாது. நிறுவனம் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறினாலும் நூறு பொத்தான்களும் நீலமாகவே நிற்கும்.

‘அதையும் ஏஜென்ட்டே மாற்றிவிடுமே’ என்பார்கள். மாற்றும், ஆனால் அதற்கும் கட்டணத்தை நிர்ணயிக்கும் டோக்கன் கணக்கு ஏறும். தானே பரப்பியதைத் தானே பெருக்கிக் கூலி கேட்கும் சாமர்த்தியம் இது. ‘மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடர்பற்ற நகல் தேவைதானே’ என்றால், நியாயம்தான். அதற்கு நான்கைந்து போதும், நானூறு எதற்கு? நகலெடுக்கும் திறமைக்கு இனி விலையில்லை. எப்போது எடுக்கக் கூடாது என்று அறிந்தவருக்குத்தான் சம்பளம். அவரையும் நகலெடுக்க முடியுமா என்று நிர்வாகம் விசாரிக்கத் தொடங்கும்வரை.