துணுக்கும் பஸ் கட்டணமும்: அனந்தபுரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சினிமா, விளையாட்டு, விஞ்ஞானம் என்று எந்தத் துறைத் துணுக்கானாலும், அதன் வியப்பு துணுக்குக்குள் இல்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு. துணுக்கு பிறந்த ஊருக்கும் அதைக் கேட்பவர் ஊருக்கும் இடையிலான பஸ் கட்டணத்தில்தான் அது இருக்கிறது. டிக்கெட் ஏற ஏற வியப்பும் ஏறும். இதை நிறுவ அனந்தபுரத்தைவிடத் தோதான ஊர் கிடைப்பது அரிது. செஞ்சி, விழுப்புரம், திண்டிவனம் மூன்றும் சில்லறைக் காசில் போய்வரும் தொலைவு. முதல் சான்று திருவக்கரை. அங்கே கிடக்கும் கல்மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டு. வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்த மரங்களில் மரச்சத்து போன இடத்தில் சிலிக்கா ஏறிக் கல்லாகிவிட்டது. வேரோ கிளையோ பட்டையோ இல்லாமல் எல்லாம் படுத்தே கிடப்பதால் அவை அங்கே முளைத்தவை அல்ல என்கிறார்கள். ஆக, மரங்களே வெளியூர்தான். 1781இல் இவற்றைப் பற்றி வியந்து எழுதியவர் சொனரா என்ற பிரெஞ்சுக்காரர். கப்பல் கட்டணம் கொடுத்து வந்தவர், வியக்காமல் என்ன செய்வார்? பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதே ஊருக்கு வரும் கூட்டமோ வக்கிரகாளியம்மனைப் பார்த்துவிட்டு, கல்மரத்தைத் திரும்பியும் பாராமல் பஸ் ஏறுகிறது.

சினிமாவிலும் விதி பிசகவில்லை. சிவாஜி கணேசனின் இயற்பெயரான வி. சி. கணேசனில் உள்ள ‘வி’ விழுப்புரம் என்பதும், சிவாஜி 1928 அக்டோபர் 1 அன்று பிறந்தது அங்கேதான் என்பதும் அவரைத் தஞ்சாவூர்க்காரர் என்றே நினைத்திருக்கும் மதுரைக்காரரை நிமிர்ந்து உட்கார வைக்கும். விழுப்புரத்தில் சொன்னால் ‘அதுக்கென்ன இப்போ?’ என்பார்கள். இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது, அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பிறந்த விழுப்புரம்தானே மற்ற ஊர்களைவிட அதிகம் ஆர்ப்பரித்தது? ஆர்ப்பரித்தது உண்மை. ஆனால் அது பெருமை. பெருமைக்குக் கட்டணம் குறையக் குறையத்தான் மவுசு. இரண்டையும் ஒரே தராசில் போடுவது ஆய்வுலகில் அடிக்கடி நடக்கும் பிழை. மேலும், அந்தத் திட்டத்தின் சோதனைகளுக்கு நிலவு மண்ணுக்கு ஈடாக இஸ்ரோ பயன்படுத்தியது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்த மண். பெங்களூரில் நிலவாக நடித்த அது உள்ளூரில் வெறும் கல்தான்.

விளையாட்டில் வரும் தடை இன்னும் கனமானது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்தது முதல் ஆடவர் தங்கத்தை இந்தியா யாருக்கும் விட்டிருக்கவில்லை. ஆனால் 2018 ஜகார்த்தாவில் அரையிறுதியிலேயே ஈரானிடம் தோற்றது. திகைத்தவர்களோ சாயங்காலமானால் கோடு கிழித்துக் கபடி ஆடும் நம் ஊர்க்காரர்கள். கிட்டே இருந்தவனுக்கே அதிக வியப்பு என்றால் விதி என்னாவது? ஒன்றும் ஆகாது. கட்டணத்தைத் தோற்றவன் வீட்டிலிருந்து கணக்கிட்டதே கோளாறு. அந்தத் துணுக்கு பிறந்தது வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்த ஈரானில். அங்கிருந்து அனந்தபுரத்துக்கு நேர் பஸ் கிடையாது.

கடைசித் தடை மகளிர் தரப்பிலிருந்து வரும். லேசில் தள்ளிவிட முடியாதது. 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அப்படியானால், டவுன் பஸ் போகும் தூரம் வரை எந்தத் துணுக்கும் அவர்களை வியக்க வைக்கக் கூடாது. வீட்டில் ஆண்கள் கண்டுபிடித்துவந்து சொல்லும் செய்திகளுக்குக் கிடைக்கும் வரவேற்பைப் பார்த்தால் விதி சரியென்றே தோன்றுகிறது. ஆனாலும் முறைப்படி விடை சொல்லியாக வேண்டும். நடத்துநர் அவர்களுக்கும் சீட்டு கிழித்துத்தான் கொடுக்கிறார். அந்தத் தொகையைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடுசெய்கிறது. ஆகவே அவர்கள் பட வேண்டிய வியப்பையும் மாதாமாதம் நிதித்துறைதான் பட்டுக்கொண்டிருக்க வேண்டும்.