ஏழாம் தலைமுறைக்கு இடமில்லை

பிராசஸருக்கு வயதாகிவிட்டதென்று அதுவாக வந்து சொல்லாது, விண்டோஸ்தான் சொல்லும். 2017 ஜனவரியில் வந்த ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ7-7700கே, நான்கு கோர், எட்டு த்ரெட் என்று ராஜநடை போட்டது. 2021-இல் விண்டோஸ் 11 வந்து, எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவர்கள் வெளியே நிற்கலாம் என்றது. ஏழாம் தலைமுறையில் விலக்குப் பெற்ற மிகச் சிலவற்றில் ஒன்று, மைக்ரோசாஃப்டின் சொந்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-இல் இருந்த சிப். வீட்டுப் பிள்ளையாயிற்றே!

சரி, பிராசஸரை மட்டும் மாற்றலாமா? எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151 சாக்கெட்தான். ஆனால் பழைய மதர்போர்டில் ஓடாது. புதுக் காலத்து போர்டே வாங்கிவிடலாம் என்றால், அது பெரும்பாலும் டிடிஆர்5 ரேம் கேட்கும். கூலருக்குப் புது பிராக்கெட் கேட்கும். கடைசியில் பழையதில் மிஞ்சுவது கேபினெட்டும் உள்ளே இருக்கும் தூசியும்.

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்றுதான் மாற்ற நினைக்கிறீர்களா? முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பல வீடுகளில் சிபியு சும்மா கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். ஹார்டு டிஸ்க்தான் 100 சதவீதத்தில் மூச்சு வாங்கும். ஒரு எஸ்எஸ்டி போட்டால் போதும். இதைக் கடையில் சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் டெம்பரவரி சார்" என்றபடி புது மாடல் விலைப்பட்டியலை நீட்டுவார்கள்.