ஒருநாள் ஊட்டிச் செலவு: ஒரு திணை ஆய்வு

நீலகிரி குறிஞ்சி நிலம் என்பதில் தமிழாசிரியர் எவருக்கும் இதுவரை ஐயம் எழுந்ததில்லை. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. ஊட்டி மலைமேல் இருக்கிறது. ஆகவே ஊட்டி குறிஞ்சி. பள்ளிப் பிள்ளைகள் ஒரு மதிப்பெண்ணுக்கு எழுதும் விடை இது. அந்த ஒரு மதிப்பெண்ணைத் திரும்பப் பிடுங்குவதே இவ்வாய்வின் நோக்கம். கோடை விடுமுறையில் திருப்பூரிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ விடியுமுன் வேனில் கிளம்பி, மலையேறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடும் கூட்டத்தார் காணும் ஊட்டி, பாலைத் திணைக்கு உரியது. உவமைக்காகச் சொல்லவில்லை. முதல், கரு, உரி மூன்றையும் வைத்து இலக்கணப்படியே நிறுவலாம்.

மலையில் பாலையா என்று கேட்போர்க்கு முதலில் விடை சொல்லிவிட வேண்டும். தொல்காப்பியர் முல்லைக்குக் காடு, குறிஞ்சிக்கு மலை, மருதத்துக்கு வயல், நெய்தலுக்குக் கடல் என்று பங்கிட்டுவிட்டுப் பாலையை நிலமற்றோர் பட்டியலில் விட்டார். அந்தக் குறையைத் தீர்த்தவர் இளங்கோவடிகள். காடுகாண் காதையில் மதுரைக்கு வழி சொல்லும் மாங்காட்டு மறையோன், வேனில் வெம்மையில் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாக உருமாறும் என்கிறான். ஆக, குறிஞ்சி பாலையாவதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. சாட்சியம் மட்டுமே பாக்கி.

ஊட்டியில் ஏது வெம்மை என்று மங்கி குல்லா அணிந்த அன்பர் ஒருவர் குறுக்கிடக்கூடும். 2024 ஏப்ரல் இறுதியில் ஊட்டியின் வெப்பம் 29 டிகிரி செல்சியஸைத் தொட்டது. பல பத்தாண்டுகளாக அந்த ஊர் காணாத சூடு. அதுவும் போதாதென்றால் பர்லியாறுக்கு வரலாம். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் வரிசை நின்றுபோக, பானட்டைத் தூக்கி வைத்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார் ஓட்டுநர். சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். மாலையில் கோத்தகிரி இறக்கத்தில் பிரேக் கருகும் வாடைக்குத் தூக்கம் கலைந்து எழுந்த பாட்டிமார் எவரும் வெம்மை இல்லை என்று சாட்சி சொல்லமாட்டார்கள்.

இனி, பொழுது. குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம். பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். பாலைக்கு நண்பகலும் வேனிலும். இங்கேதான் ஒருநாள் பயணி வசமாக மாட்டுகிறார். அவருக்கு யாமம் இல்லவே இல்லை. யாமத்தில் அவர் அவினாசியருகே பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மலையில் இரவு தங்குபவர்கள், குறிப்பாகப் புதுமணத் தம்பதிகள், குறிஞ்சிக்கு உரியவர்கள். புணர்தல் அத்திணையின் உரிப்பொருள் என்பதால் அவர்களைப் பற்றி மேலும் ஆராய்வது முறையாகாது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவனும் குறிஞ்சிக்காரரே. 1819இல் மலையேறியவர் 1822இல் ஊட்டியில் கல்வீடு கட்டத் தொடங்கினார், பிறகு ஏரியையும் உண்டாக்கினார். ஏறிய அன்றைக்கே சாயங்காலம் அவர் இறங்கியிருந்தால் இன்று படகு இல்லத்தில் டிக்கெட்டுக்கு வரிசை நிற்கும் துன்பம் யாருக்கும் இருந்திருக்காது.

ரயில்வேக்குத் தொல்காப்பியப் பயிற்சி உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது. இருப்பதாகவே தோன்றுகிறது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் போடப்பட்ட மலை ரயில் பாதையின் நீளம் 46 கிலோமீட்டர். 16 குகைகள், 208 வளைவுகள். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளப் பற்களைக் கவ்விக்கொண்டுதான் ஏறும். யுனெஸ்கோ 2005இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் புறப்படும் இந்த ரயில் ஊட்டியில் பயணியை இறக்கிவிடும் நேரம், சரியாக நண்பகல். திரும்பும் ரயில் பிற்பகல் 2 மணிக்கு. ஒருநாள் பயணிக்கு ஊட்டியில் கிடைப்பது அந்த இரண்டு மணிநேரம். பாலையின் சிறுபொழுதை இவ்வளவு துல்லியமாக அளந்து கொடுத்த கால அட்டவணை வேறெந்த ரயிலுக்கும் இல்லை.

பூ விஷயத்திலும் அப்படித்தான். 1848இல் அமைக்கப்பட்ட அரசு தாவரவியல் பூங்காவில், 1896இல் தொடங்கிய மலர்க் காட்சியை மே மாதத்தில், அதாவது வேனிலில், வைத்தார்கள். கார்னேஷன் பூக்களைக் குத்திச் செய்த உருவங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பல்லாயிரம் பேரில் குறிஞ்சிப் பூவைக் கண்டவர் எத்தனை பேர்? அது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 2006இலும் 2018இலும் பூத்தது. அதுவும் கோடைக் கூட்டம் இறங்கிப்போய் மழை பிடித்த பிறகு. தன் திணைக்குரிய பூவே எட்டிப் பார்க்க விரும்பாத பருவத்தைக் குறிஞ்சி என்று எப்படிச் சொல்வது?

கருப்பொருளில்தான் உரையாசிரியர்களுக்கு வேலை அதிகம். நாற்கவிராச நம்பி தம் அகப்பொருள் விளக்கத்தில் பாலைக்குச் சொல்லும் நீர், வறண்ட கிணறு. ஒருநாள் பயணிக்கு அந்நிலையை உண்டாக்கித் தருவது மலையடிவாரச் சோதனைச் சாவடி. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. காட்டுக்கும் அதில் வாழும் விலங்குக்கும் நல்லது, இதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் வண்டியில் அடுக்கி வந்த தண்ணீர் பாட்டில்கள் அங்கே இறக்கப்படும் கணத்தில் வேனுக்குள் பாலை பிறந்துவிடுகிறது. குடிநீர் ஏடிஎம்கள் வழியில் உண்டு. நாணயம் உள்ளவர் கையில் பாட்டில் இல்லை, பாட்டில் உள்ளவர் கையில் நாணயம் இல்லை.

பாலை மக்களின் உணவு வழிபறித்த பொருள், தொழில் பகற்சூறை. மக்களின் பெயர் எயினர். ஊட்டியில் எயினர் யார் என்பதில் அறிஞரிடையே மூன்று கட்சிகள். வாகன நிறுத்துமிடத்தில் ரசீது கிழிப்பவர், குதிரைச் சவாரிக்கு இழுப்பவர், ஊருக்குத் திரும்பினால் பீரோவில் தூங்கப்போகும் ஸ்வெட்டரைத் தலையில் கட்டுபவர், இவர்களே எயினர் என்பது முதற் கட்சி. வேனில் வருவோரிடம் செல்வாக்குள்ள கட்சி இது, ஆனால் வலுவில்லை. அவர்கள் விலை சொல்கிறார்கள், நாம் பேரம் பேசுகிறோம், பாதிக்கு வாங்கி ஏமாந்து வருகிறோம். இதற்கு வணிகம் என்று பெயர். சூறை என்று பெயரில்லை.

இரண்டாம் கட்சியினர் மலைவாசிகள். உச்சிவேளையில் கூட்டமாக வந்து இறங்குவது, கேரட் கட்டு, வர்க்கி, சாக்லேட், நீலகிரித் தைலம், தேயிலைத்தூள் என்று கைக்கு எட்டியதை அள்ளிக்கொள்வது, தேயிலைச் செடிக்குள் புகுந்து படம் எடுப்பது, குப்பையை விட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் மறைவது, இதுவன்றோ பகற்சூறை என்று அவர்கள் கேட்கிறார்கள். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் குன்னூரிலிருந்து ஊட்டி மருத்துவமனைக்குப் போகவேண்டியிருந்த எவரும் இக்கட்சியை விட்டு மாறியதாக வரலாறு இல்லை. எனக்கும் இதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

எனினும், நூலை எழுத்தெண்ணிப் படித்தால் மூன்றாம் கட்சியே வெல்லும். வழியில் பறித்ததை மட்டுமே உண்டு வாழும் இனம் இன்று நீலகிரி மலைப்பாதையில் ஒன்றே ஒன்றுதான்: பர்லியாறு குரங்குகள். டீக்கு வண்டி நின்றதும் ஜன்னல் வழியே கை வரும். புளிசாதப் பொட்டலம் போகும். ஆயுதமில்லை, மிரட்டலில்லை, ரசீதுமில்லை. எயினர் என்று கொள்ளத்தக்கவை இவையே.

உண்மையில் பாலையின் கருப்பொருள் அத்தனையும் குறைவின்றி ஓரிடத்தில் காண விரும்பினால் அதற்கும் நீலகிரி மாவட்டத்திலேயே வழியிருக்கிறது. மழை மறைவில் கிடக்கும் சீகூர்ப் பீடபூமியும் மசினகுடியும் முள்மரக் காடு. நூல் சொல்லும் கழுகும் எருவையும் வேண்டுமா, மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் வட்டமிடுகின்றன. செந்நாய் முதுமலையில் கூட்டமாகத் திரிகிறது. வலியழிந்த யானைக்குத் தெப்பக்காடு முகாமில் ஓய்வுபெற்ற கும்கிகள் உண்டு. தெய்வத்துக்குப் பொக்காபுரம் மாரியம்மன் இருக்கிறாள். ஆனால் ஊட்டியிலிருந்து அங்கே இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள்; வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்கத் தடை. அசல் பாலைக்குப் போக முடியாதவர்கள் ஊட்டியின் சேரிங் கிராஸ் சந்திப்பில் ஒன்றைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

உரிப்பொருளுக்கு வருவோம். பாலையின் உரிப்பொருள் பிரிதல். ஒருநாள் ஊட்டிச் செலவில் பிரியாமல் திரும்பிய குடும்பம் ஒன்றைக் காட்டினால் இக்கட்டுரையைக் கிழித்தெறியச் சம்மதம். கலித்தொகையில் உடன்போன மகளைத் தேடிப் புறப்பட்ட செவிலி, எதிர்ப்பட்ட அந்தணரிடம் விசாரிக்கிறாள். மலையில் பிறந்த சந்தனத்தால் மலைக்கு என்ன பயன், நீரில் பிறந்த முத்தால் நீருக்கு என்ன பயன் என்று அவர்கள் அவளைத் தேற்றி அனுப்புகிறார்கள். தாவரவியல் பூங்காவில் நம் பாட்டி ஐஸ்கிரீம்காரரிடம் கேட்கிறார்:

“ஏனுங்க, செவப்பு ஸ்வெட்டர் போட்ட பையன் இந்தப் பக்கம் போனானுங்களா?”

“இங்க எல்லாரும் செவப்பு ஸ்வெட்டர்தான்மா. போட் ஹவுஸ் பக்கம் பாருங்க.”

தத்துவத்தில் கலித்தொகை உயர்ந்தது; முகவரி தருவதில் ஐஸ்கிரீம்காரர் உயர்ந்தவர்.

பிரிவில் பல வகை சொல்லப்பட்டாலும் பொருள்வயிற் பிரிவே பெரும்பான்மை. பொருள் தேடித் தலைவன் பிரிவது சங்க மரபு. ஊட்டியில் தலைவன் அங்கேயே நிற்க, பொருள் மட்டும் அவனைப் பிரிந்து போகிறது. இந்த நுட்பத்தைப் பழைய உரையாசிரியர்கள் தொடவில்லை. அவர்கள் காலத்தில் தொட்டபெட்டா சிகரத்தில் தொலைநோக்கி இல்லை. திரையுலகினர் தொட்டிருக்கிறார்கள். ஸ்ரீதர் 1967இல் எடுத்த படத்துக்கு ‘ஊட்டி வரை உறவு’ என்று எல்லை குறித்தே பெயர் வைத்தார். பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ 1982இல் வந்தது; தமிழ்நாட்டையே அழவைத்த அதன் இறுதிப் பிரிவு நடப்பது இந்த மலை ரயில் பாதையின் கேத்தி நிலையத்தில். மலையில் படமெடுத்துவிட்டுப் பாலையின் உரிப்பொருளை வைத்தது பொருந்துமா என்று அன்றே யாராவது கேட்டிருந்தால் இவ்வாய்வு தேவைப்பட்டிருக்காது.

செலவழுங்குவித்தல் என்றொரு துறையும் பாலைக்கு உண்டு. தலைவியின் கண்ணீரோ தோழியின் பேச்சோ தலைவனின் பயணத்தைத் தள்ளிப்போட வைப்பது அது. அக்கண்ணீருக்குப் பல நூற்றாண்டாக வலுவில்லாதிருந்தது. இப்போது சென்னை உயர் நீதிமன்றம் கைகொடுத்திருக்கிறது. அதன் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. மறு ஆண்டு, ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று நீலகிரிக்கு உச்சவரம்பும் வந்தது. வியாபாரிகள் கடையடைத்தார்கள், அவர்கள் கவலையும் பொய்யில்லை. ஆனால் இலக்கண நோக்கில் இது பெரிய சான்று. குறிஞ்சிக்குச் செலவழுங்குவித்தல் கிடையாது. நீதிமன்றமே பாலைத் துறை ஒன்றை நடைமுறைப்படுத்தியிருக்கும்போது அந்நிலத்தை இன்னும் குறிஞ்சி என்பது நீதிமன்ற அவமதிப்பில் முடியலாம்.

கடைசித் தடை ஒன்று. கோடையில் போகாமல் மார்கழி, தையில் ஒருநாள் போய்வந்தால் அது குறிஞ்சியாகாதா என்பார்கள். முன்பனிக்காலம், சரிதான், பெரும்பொழுது பொருந்துகிறது. அப்போது ஊட்டியில் புல்மேல் உப்பு கொட்டியதுபோல உறைபனி படியும்; அதைப் பார்க்கவென்றே ஆள் வருகிறது. ஆனால் சிறுபொழுது விடாது. உறைபனி யாமத்தில் இறங்குவது, வெயில் ஏறியதும் மறைவது. அதைக் காண விரும்புபவர் முதல்நாளே மலைக்கு வந்து தங்கி, காலை 7 மணிக்கு முன்பே தலைகுந்தாவில் நிற்க வேண்டும். ஈரோட்டு வேன் அங்கே வந்து சேர 11 மணியாகும்.